பால்சோற்றில் வளராத குட்டி

ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு நாளில், எங்கள் அடுக்ககத்தின் மோட்டார் அறைக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், குழாய்களுக்கு நடுவில் ஒரு கறுப்புக் குட்டி. மாலைவரை காத்திருந்தும் தாய்ப்பூனை வரவில்லை. துண்டில் சுற்றி மூன்றாம் மாடிக்குத் தூக்கிவந்தேன். பிறந்து ஒன்றரை மாதம் இருக்கலாம் என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

எதிர்வீட்டுப் பாட்டி வந்து பார்த்துவிட்டு, “பாலைக் காய்ச்சி, சோத்தைக் குழையப் பிசைஞ்சு வை கண்ணு. எங்க ஊர்ல பூனை வளர்த்ததெல்லாம் அப்படித்தான்” என்றார். அப்படியே செய்தேன். காலையில் பால்சோறு, மதியம் தயிர்சோறு, ராத்திரி மறுபடி பால்சோறு. குட்டி தட்டை நக்கித் துடைத்துவைக்கும். வயிறு பானைபோல் உப்பிக்கொண்டு தூங்கும். நன்றாகச் சாப்பிடுகிறது, நன்றாகத்தான் வளரும் என்று நிம்மதியாக இருந்தேன்.

இரண்டரை மாதம் கழித்துத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது மருத்துவர் தராசில் வைத்தார். நான்கு மாதக் குட்டி ஒன்றரை கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். முள் ஒரு கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டியது. முதுகெலும்பை விரலால் எண்ண முடிந்தது. அவர் முதுகு மயிரை விலக்கி வெளிச்சத்தில் காட்டினார். நான் கறுப்பு என்று நினைத்திருந்தது செம்பட்டையாக இருந்தது. நாள்தோறும் தடவிக்கொடுத்த கைக்கு அது தெரியவே இல்லை.

“என்ன சாப்பாடு குடுக்குறீங்க மேடம்?”

“பால்சோறு சார். சில வேளை தயிர்சோறு.”

“வெயில்ல கிடந்தாலும் கறுப்பு வெளுக்கும். ஆனா இது வீட்டை விட்டே போகலைங்கிறீங்க. இதுக்குக் கறுப்பு செய்யச் சரக்கு போதல.”

அந்தச் சரக்கு என்ன, அது ஏன் பால்சோற்றில் போதாமல் போகிறது என்று தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன். என் குட்டிக்கு நான் செய்த தவற்றை இன்று ஆயிரக்கணக்கான வீடுகள் அன்போடு செய்துகொண்டிருக்கின்றன என்பதுதான் இதை எழுதக் காரணம்.

முதலில் பாட்டியின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவர் வீட்டுப் பூனை பால்சோறு தின்றது உண்மை. பத்துப் பன்னிரண்டு வருடம் வாழ்ந்ததும் உண்மை. ஆனால் அந்த வீட்டில் குதிர் இருந்தது. குதிர் இருந்தால் எலி இருக்கும். வைக்கோல்போரில் சுண்டெலி, ஓட்டுச் சரிவில் பல்லி, கொல்லையில் ஓணான், முற்றத்தில் சிட்டுக்குருவி. ராத்திரி முழுக்க அந்தப் பூனை எங்கே போனது, எதைத் தின்றது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. வீட்டார் வைத்த பால்சோறு அதற்குக் கூலி. சாப்பாட்டை அது தானே தேடிக்கொண்டது.

மனிதனும் பூனையும் சேர்ந்த கதையே அப்படித்தான் தொடங்கியது. சைப்ரஸ் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழி ஒன்றுக்கு அருகிலேயே ஒரு பூனையையும் புதைத்திருந்ததை 2004-ல் தொல்லியலாளர்கள் வெளியிட்டார்கள். அந்தப் பூனைக்கு வயது எட்டு மாதம்தான். மனிதன் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கியதும் எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. நம் தானியத்தைத் தின்ன அது வரவில்லை, தானியத்தைத் தின்ற பிராணியைத் தின்னத்தான் வந்தது. இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் நாய் நம்மோடு சேர்ந்து சோற்றைச் செரிக்கப் பழகிவிட்டது. பூனையின் உடல் இன்னமும் எலிக்கணக்கிலேயே ஓடுகிறது.

இப்போது நிலைமை வேறு. மூன்றாம் மாடி. பால்கனிக்கு வலை. கதவு சாத்தியே இருக்கும். பூனையின் பாதுகாப்புக்கு அதுதான் சரி, நானும் அப்படித்தான் வளர்க்கிறேன். ஆனால் அந்த வலையைக் கட்டிய நாளிலேயே பூனையின் சாப்பாட்டுப் பொறுப்பு மொத்தமும் நம் தட்டுக்கு வந்துவிடுகிறது. கூலியை மட்டும் தொடர்ந்து கொடுத்துவிட்டு, வேட்டையை நிறுத்திவிட்டோம்.

தட்டில் இருப்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் சோற்றில் நீர் போக ஏறக்குறைய 30 கிராம். அதில் புரதம் இரண்டரை கிராம். 100 மில்லி பாலில் நீர் போக 12 கிராம். அதில் புரதம் மூன்று கிராம் சொச்சம். சேர்த்தால் 42 கிராமுக்கு ஆறு கிராம் புரதம், அதாவது 14 சதவீதம். வளரும் பூனைக்குட்டிக்கான தீனியில் நீர் நீக்கிய எடையில் குறைந்தது 30 சதவீதம் புரதம் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவில் தீவனத் தரம் வகுக்கும் அதிகாரிகளின் சங்கம். ஒரு சுண்டெலியின் உடலில் நீரை நீக்கிவிட்டால் மிஞ்சுவதில் பாதிக்கும் மேல் புரதம். காட்டிலும் தெருவிலும் தானே வேட்டையாடி வாழும் பூனைகளின் உணவை ஆராய்ந்தவர்கள், அவை பெறும் எரிசக்தியில் பாதிக்குச் சற்று மேல் புரதத்திலிருந்து வருகிறது, மாவுச்சத்திலிருந்து வருவது இரண்டு சதவீதம்தான் என்று கண்டார்கள். நாம் வைக்கும் தட்டில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

‘கிடைத்ததை வைத்து உடம்பு சமாளித்துக்கொள்ளாதா?’ என்று கேட்கத் தோன்றும். மனித உடம்பு சமாளிக்கும். எலியின் உடம்பும் சமாளிக்கும். புரதம் குறைந்த நாட்களில் நம் கல்லீரல் சிக்கனக் குடும்பத் தலைவியாகிவிடுகிறது. அமினோ அமிலங்களை உடைத்து எரிக்கும் நொதிகளைக் குறைத்துக்கொண்டு, இருப்பதைத் தசைக்கும் ரத்தத்துக்கும் ஒதுக்குகிறது. பூனையின் கல்லீரலுக்கு இந்தச் சிக்கனம் சரியாக வராது. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் உள்ள பல்கலைக்கழகத்தில் குவின்டன் ரோஜர்ஸ், ஜேம்ஸ் மோரிஸ், ரிச்சர்ட் ஃபிரீட்லேண்ட் ஆகியோர் 1977-ல் இதைக் காட்டினார்கள். பூனைகளுக்குப் புரதத்தை அதிகமாகக் கொடுத்தார்கள், பிறகு குறைத்துக் கொடுத்தார்கள். எலியாக இருந்தால் கல்லீரல் நொதிகள் பல மடங்கு ஏறி இறங்கியிருக்கும். பூனையில் அவை பெரிதாக அசையவே இல்லை. தட்டில் இறைச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுப்பு ஒரே தணலில் எரிந்துகொண்டிருந்தது.

அடுப்பு எரிய விறகு வேண்டும். உணவிலிருந்து வராவிட்டால் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். என் குட்டியின் முதுகெலும்பை எண்ண முடிந்ததன் காரணம் இதுதான். வயிறு நிறைந்திருந்தது, தசை கரைந்துகொண்டிருந்தது.

இதில் குட்டிகளின் பாடு இன்னும் மோசம். வளரும் நாய்க்குட்டி தனக்குத் தேவையான புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வளர்ச்சிக்கே செலவிடுகிறது. பூனைக்குட்டி 40 சதவீதத்தைத்தான் வளர்ச்சிக்கு ஒதுக்க முடிகிறது. மீதி 60 சதவீதம் அன்றாடம் உயிரோடு இருப்பதற்கே போய்விடுகிறது. சம்பளத்தில் பெரும்பகுதி வாடகைக்கே போகும் குடும்பத்தில் வருமானம் கொஞ்சம் குறைந்தால் முதலில் அடிபடுவது பிள்ளையின் படிப்புதானே. புரதம் குறைந்தால் பூனைக்குட்டியில் முதலில் நிற்பது வளர்ச்சி.

ஒரு திருத்தத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பூனையால் எதையும் மாற்றிக்கொள்ளவே முடியாது என்ற முடிவு பின்னாளில் சற்றுத் தளர்ந்தது. புரதம் எரியும் வேகத்தைப் பூனை ஓரளவு கூட்டிக் குறைக்கிறது என்று 2000-களில் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் அடிப்படைத் தேவை நிறைவேறிய பிறகு, அதற்கு மேலே உள்ள அளவில்தான் அந்த ஏற்ற இறக்கம். தேவைக்குக் கீழே போய்விட்டால் பூனையிடம் வேறு வழி கிடையாது. பால்சோறு அந்தக் கோட்டுக்குக் கீழே கிடக்கும் சாப்பாடு.

மொத்தப் புரதத்தின் கணக்கு இது. தனித்தனி அமினோ அமிலங்களுக்குள் போனால்தான் பூனையின் உடல் எவ்வளவு விசித்திரமானது என்று புரியும்.

ஆர்ஜினினை எடுத்துக்கொள்வோம். புரதம் உடையும்போது அம்மோனியா உண்டாகிறது. அது விஷம், மூளையைத் தாக்கும். கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. இந்த வேலையை, கிணற்றில் இறங்கி நீரை மொண்டு மேலே வந்து கொட்டிவிட்டு மறுபடி இறங்கும் கமலைச் சாலாகக் கற்பனை செய்துகொள்ளலாம். அந்தச் சால்தான் ஆர்னிதின் என்ற பொருள். ஆர்ஜினினிலிருந்து அது வரும். மற்ற பல பிராணிகளின் சிறுகுடல் வேறு அமினோ அமிலங்களிலிருந்து இந்தச் சாலுக்கான மூலப்பொருளைச் செய்து வைத்திருக்கும். பூனையின் குடலில் அதைச் செய்யும் நொதிகள் மிகக் குறைவு. தினமும் உணவிலிருந்தே சால் வந்தாக வேண்டும்.

1978-ல் மோரிஸும் ரோஜர்ஸும் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட சோதனையைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. ஏறக்குறைய முழு வளர்ச்சி அடைந்த பூனைகளை ஒரு இரவு பட்டினி போட்டு, மறுநாள் மற்ற எல்லா அமினோ அமிலங்களும் இருந்து ஆர்ஜினின் மட்டும் இல்லாத உணவைக் கொடுத்தார்கள். ஒரே ஒரு வேளை. சில மணி நேரத்துக்குள் அம்மோனியா ரத்தத்தில் ஏறியது. வாந்தி, எச்சில் வடிதல், கத்தல், தள்ளாட்டம், நகம் வெளியே நீட்டியபடி விறைத்த கால்கள். ஒரு பூனை இறந்துபோனது. ஒரே ஒரு சத்து ஒரே வேளை குறைந்ததற்கு இப்படிச் சாயும் பாலூட்டிகள் மிக அரிது. குட்டிகளை வைத்துச் செய்த தொடர் ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது: ஆர்ஜினினுக்குப் பதில் ஆர்னிதினைக் கொடுத்தால் அம்மோனியா அடங்கியது, ஆனால் குட்டி வளரவில்லை.

இந்தப் பலவீனத்தோடு பூனை எப்படிப் பிழைத்து வந்தது? ஆர்ஜினின் இல்லாத எலி உலகத்தில் கிடையாது. எலியைத் தின்னும் பிராணிக்கு ஆர்ஜினினைத் தானே செய்துகொள்ளும் பட்டறை எதற்கு? தலைமுறை தலைமுறையாக வேலை இல்லாத பட்டறை மூடப்பட்டது. இனிப்பின் சுவையும் அப்படித்தான் போயிற்று. இனிப்பை உணரும் மரபணு பூனையில் பழுதாகிக் கிடப்பதை 2005-ல் கண்டுபிடித்தார்கள். பாயசத்தைப் பூனை நக்குவது பாலின் கொழுப்புக்காக, சர்க்கரைக்காக அல்ல.

பால்சோற்றில் ஆர்ஜினின் அறவே இல்லாமல் போவதில்லை. அதனால் அதைத் தின்ற குட்டி அன்று மாலையே விழுந்துவிடாது. விழுந்தால் நாம் விழித்துக்கொண்டிருப்போம். அதனினும் மெதுவாக, சத்தமே இல்லாமல் நடப்பது டாரின் பற்றாக்குறை.

1827-ல் டீடெமன், கிமெலின் என்ற இரண்டு ஜெர்மானிய அறிவியலாளர்கள் காளையின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்த பொருள் டாரின். காளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அதன் பெயர். அமினோ அமிலக் குடும்பத்தில் வைத்துப் பேசினாலும் இது புரதச் சங்கிலியில் கோக்கப்படாமல், இறைச்சியின் நீரில் தனியாகக் கரைந்து கிடக்கும். நம் உடல் கந்தகம் உள்ள வேறு அமினோ அமிலங்களிலிருந்து டாரினைச் செய்துகொள்ளும். பூனைக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. போதாததற்கு, பித்தநீர் செய்யும்போது மற்ற பிராணிகள் டாரின் இல்லாவிட்டால் கிளைசினை வைத்துச் சமாளிக்கும். பூனை டாரினை மட்டுமே பயன்படுத்தும். நாள்தோறும் குடலில் கொஞ்சம் இழந்துகொண்டே இருக்கும். செய்யவும் முடியாது, செலவையும் நிறுத்த முடியாது.

அரிசியில் டாரின் இல்லை. பருப்பில் இல்லை. பசும்பாலில் பெயரளவுக்குத்தான் இருக்கிறது. தாய்ப்பூனையின் பாலில் நிறைய இருக்கிறது. புரதமும் பசும்பாலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குட்டி பால் குடித்து வளர்வது உண்மைதான். ஆனால் அது வேறு பால்.

பூனையையும் பாலையும் நம் மனம் பிரித்துப் பார்க்க மறுக்கிறது. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையோடு தன்னை ஒப்பிட்டுத்தான் கம்பன் அவையடக்கம் சொன்னான். தெனாலிராமன் கதையில் பூனை வளர்க்க அரசன் கொடுப்பது பசு. பழமொழியிலும் பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்தான். இத்தனைக்கும் நடுவே வளர்ந்த நமக்கு, கிண்ணத்துப் பால் குட்டிக்குப் போதாது என்று சொன்னால் நம்பக் கடினமாகத்தான் இருக்கும். ஆனால் 1975-ல் ஹார்வர்டில் ஹேய்ஸும் உடன் பணியாற்றியவர்களும் பார்த்தது சரியாக இதைத்தான். கேசீன், அதாவது பாலிலிருந்து பிரித்த புரதத்தை, மட்டுமே புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை சிதைந்தது. காரணம் தேடியபோது ரத்தத்திலும் விழித்திரையிலும் டாரின் வற்றியிருந்தது. கண்ணின் பின்சுவரில் நடுப்பகுதிக்கு அருகே சின்னதாக ஒரு புள்ளி தோன்றும். மாதக்கணக்கில் அது பட்டையாக நீண்டு, கடைசியில் விழித்திரை முழுவதையும் தின்றுவிடும். இழந்த பார்வை திரும்பாது. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு மேசை எங்கே, கட்டில் எங்கே என்று மனப்பாடம் என்பதால், பெரும்பகுதி பார்வை போகும்வரை வீட்டில் யாருக்கும் தெரியாது.

நாய்த் தீனி தின்று வளர்ந்த பூனைகளிலும் இதே கண் நோய் 1970-களிலேயே பதிவாகியிருக்கிறது. நாய் தன் டாரினைப் பெரும்பாலும் தானே செய்துகொள்ளும், அதனால் நாய்த் தீனியில் அதைச் சேர்ப்பது கட்டாயமாக இருக்கவில்லை. எங்கள் பகுதியில் ஒரு கடையில் குட்டிக்குத் தீனி கேட்டபோது, “நாய்க்கும் பூனைக்கும் ஒண்ணுதாங்க, இதையே போடுங்க” என்று ஒரு பாக்கெட்டை நீட்டினார்கள். விலை குறைவு என்று நானும் கையில் வாங்கினேன். விவரம் தெரியாமல் விற்பவரும் விவரம் தெரியாமல் வாங்குபவரும் சேர்ந்து ஒரு குட்டியின் கண்ணைக் கெடுக்க முடியும்.

கண்ணுக்கு அடுத்தது இதயம். 1987-ல் அதே டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியான் என்ற இளம் கால்நடை இதய மருத்துவரும் உடனிருந்தவர்களும், இதயம் பலூன்போல் விரிந்து சுருங்கச் சக்தியற்றுப்போன 21 பூனைகளின் ரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அதுவரை காரணம் தெரியாத, பெரும்பாலும் மரணத்தில் முடிந்த நோய் அது. டாரினைக் கொடுத்தார்கள். பிழைத்த பூனைகளின் இதயம் பழைய நிலைக்குத் திரும்பியது.

இதில் நம்மை நிறுத்தி யோசிக்கவைக்க வேண்டிய செய்தி வேறொன்று. அந்தப் பூனைகள் தெருவில் குப்பை தின்றவை அல்ல; பெயர்பெற்ற நிறுவனங்களின் தீனியைத் தின்றவை. அந்நாளைய பரிந்துரை அளவுக்கு டாரின் இருந்த தீனியும் அதில் உண்டு. பிறகுதான் புரிந்தது: டப்பாவில் அடைத்து அதிகச் சூட்டில் வேகவைத்த உணவு குடலில் டாரினைத் தின்னும் பாக்டீரியாக்களுக்குச் சாதகமாகிறது, பித்தநீர் வழியாகப் போகும் இழப்பும் கூடுகிறது. உலர்தீனியில் 0.1 சதவீதம் போதும் என்றால் டப்பா உணவில் 0.2 சதவீதம் வேண்டும் என்று பின்னர் வகுத்தார்கள். தாளில் சரியாக இருந்த அளவு, உடம்புக்குள் போனபின் போதாமல் போயிருந்தது.

குட்டி பிறப்பதற்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது என்பதை நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஜான் ஸ்டர்மன் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். டாரின் குறைந்த தாய்ப்பூனைகளுக்குக் கரு கலைந்தது, குட்டி செத்துப் பிறந்தது. பிழைத்தவை சிறுத்திருந்தன, பின்னங்கால்கள் சரியாக அமையவில்லை, உடலைச் சமநிலையில் வைக்கும் சிறுமூளையின் வளர்ச்சி பின்தங்கியது. சினைப்பூனைக்குப் படிக்கட்டுக்கு அடியில் பால் வைக்கும் நல்ல மனதுக்காரர்களுக்கு இந்த ஒரு பத்தியையாவது யாராவது வாசித்துக்காட்ட வேண்டும்.

இனி, என் குட்டியின் செம்பட்டை. மயிரின் கறுப்பு நிறமியைச் செய்யத் தேவையானவை டைரோசின், ஃபினைல்அலனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள். இவை குறைந்த உணவில் வளரும் கறுப்புப் பூனைகள் சிவந்த பழுப்பு நிறத்துக்கு மாறுவதை டேவிஸ் ஆய்வாளர்கள் 2001-ல் காட்டினார்கள். வளர்ச்சிக்குப் போதுமான அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைத்தால்தான் மயிர் கறுத்தே இருக்கும். அதாவது மயிர் நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. சத்தில்லாமல் வளரும் குழந்தையின் தலைமுடி செம்பட்டை பாய்வதைப் பார்த்து நம் ஊர்த் தாய்மார்களும் செவிலியர்களும் காலங்காலமாகக் கவலைப்பட்டிருக்கிறார்கள். அதே அடையாளம் என் மடியில் படுத்திருந்த உயிரின் முதுகில் இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

இதற்கு நண்பர்களிடமிருந்து வரும் ‘நாங்கள் சைவம், வீட்டுக்குள் இறைச்சி வராது’ என்ற பதிலை நான் மதிக்கிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு பக்கம் அப்படித்தான். புலால் உண்ணாமை நாம் யோசித்துத் தேர்ந்த அறம். அந்தத் தேர்வைச் செய்ய நம் கல்லீரல் இடம் கொடுக்கிறது. பூனையின் கல்லீரல் கொடுப்பதில்லை. இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஒரு வழியும் இருக்கிறது: குட்டிகளுக்கென்றே தயாரித்த, முழுமையான சத்துள்ள பாக்கெட் தீனி. வீட்டுப் பாத்திரம் படாமல் போட்டுவிடலாம். அதில் சேர்க்கும் டாரின் பெரும்பாலும் ஆலையில் வேதிமுறையில் செய்ததுதான். அப்படியானால் மற்ற சத்துகளையும் அப்படியே சேர்த்துச் சைவப் பூனைத் தீனி செய்ய முடியாதா என்று கேட்பவர்களுக்கு, கொள்கையளவில் முடியும் என்பதே நேர்மையான பதில். ஆனால் 1987-ல் தாளில் சரியாக இருந்த தீனியே பூனைகளின் இதயத்தைக் காக்கவில்லை. வளரும் குட்டியை வைத்து அந்தப் பரிசோதனையைச் செய்து பார்க்க எனக்கு மனம் வராது. வீட்டு அடுப்பில் அது முடியவே முடியாது. அதற்கும் சம்மதம் இல்லையென்றால் பூனையை வளர்க்காமல் இருப்பதே நியாயம் என்று நினைக்கிறேன். முயலை வளர்க்கலாம்.

இறைச்சி சமைக்கும் வீடுகளிலும் தவறு நடக்கிறது. கோழியை வேகவைத்து, நீரை வடித்துக் கொட்டிவிட்டு, வெறும் சதையைப் போடுகிறோம். டாரின் நீரில் கரைவது என்பதால் பெரும்பகுதி அந்த நீரோடு சாக்கடைக்குப் போய்விடுகிறது. வேகவைத்த நீரை ஆறவைத்துச் சதையோடு சேர்த்தே வைக்க வேண்டும். கோழியின் வெள்ளைச் சதையைவிடத் தொடையின் கறுத்த சதையில் டாரின் பல மடங்கு. இதயத்திலும் நிறைய. மட்டியிலும் கணவாயிலும் ஏராளம். நமக்குச் சமைத்த மீன்குழம்பை அப்படியே ஊற்றக் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். பச்சை மீனையும் வழக்கமாகக் கொடுக்கக் கூடாது. சில மீன்களில் தயமின் என்ற உயிர்ச்சத்தை அழிக்கும் நொதி உண்டு, வேகவைத்தால் அது போய்விடும். இவ்வளவும் படித்துவிட்டு வெறும் சதையை மட்டும் போட்டு வளர்க்கத் தொடங்கிவிடவும் வேண்டாம். சதையில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. எலியைத் தின்னும் பூனை எலும்போடு தின்கிறது. வெறும் சதை தின்னும் குட்டிக்கு எலும்பு வளைந்து, குதித்தால் முறியும். ஆகவே முதல் ஒரு வருடத்துக்காவது குட்டித் தீனியே அடித்தளமாக இருக்கட்டும், கோழியும் மீனும் அதன்மேல் வரட்டும். தாயில்லாத, கண் திறக்காத குட்டி என்றால் பசும்பால் வேண்டாம். பூனைக்குட்டிகளுக்கான பால்மாவு கிடைக்கிறது.

விலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நல்ல குட்டித் தீனியின் விலை பல குடும்பங்களுக்குக் கைக்கு எட்டாதது. அதனால்தான் இதை வெறும் வீட்டு விஷயமாக விட்டுவிட முடியவில்லை. தீனிப் பாக்கெட்டில் டாரின் அளவையும், எந்த வயதுப் பூனைக்கு என்பதையும் தமிழிலும் அச்சிட வேண்டும். கடையில் தமிழில் கேட்டு வாங்குபவரிடம் பின்பக்கத்து ஆங்கிலப் பொடி எழுத்தைப் படி என்று சொல்வது சரியில்லை. 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் நீண்ட மரபு நமக்கு இருக்கிறது. நெத்திலி, சாளை, கோழி இதயம், ஈரல், முட்டை என்று நம் சந்தையில் மலிவாகக் கிடைப்பதை வைத்து, சுண்ணாம்புச்சத்தும் டாரினும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற அளவோடு, குட்டிக்கும் சினைப்பூனைக்கும் தெருப்பூனைக்கும் ஆளுக்கு ஒரு பக்கத்தில் உணவுக் குறிப்பு எழுதித் தரும் அறிவு அங்கே இருக்கிறது. தடுப்பூசி போட வருபவர் கையில் அந்தத் தாளைக் கொடுத்தனுப்பினால் போதும். ஊசி போட்ட இரண்டு நிமிடத்தில் மருத்துவர் சொல்வது வீட்டுக்குப் போவதற்குள் பாதி மறந்துவிடுகிறது, எனக்கே மறந்தது.

இப்போது என் குட்டிக்கு வயது ஒன்றைத் தொடப்போகிறது. எடை மூன்றே கால் கிலோ. உணவை மாற்றியபிறகு முளைத்த மயிர் வேரில் கறுப்பாகவும் நுனியில் செம்பட்டையாகவும் பல வாரம் இருந்தது. எந்த நாளில் தட்டு மாறியது என்று மயிரில் கோடு கிழித்ததுபோல் தெரிந்தது. அந்தச் செம்பட்டை நுனிகள் உதிர்ந்துவிட்டன. கண்ணையும் இதயத்தையும் மருத்துவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார். பார்க்கிறோம்.

எதிர்வீட்டுப் பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஆமா கண்ணு, எங்க வீட்டுப் பூனை வாசல்ல எலிவாலை மட்டும் போட்டுட்டுப் போகும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் மார்க்கெட்டுக்குப் போகிறேன். அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து மீன் ஆயும் அக்கா நான் வாய் திறப்பதற்குள், “பூனைக்கா?” என்று கேட்டுவிடுவார். அவர் காலடியில் எப்போதும் இரண்டு பூனைகள் இருக்கும், முதுகு மினுமினுவென்று. சாளையை எடைபோட்டு, தலையையும் தனியாக ஒரு பையில் கட்டித் தருவார். தலைக்குக் காசு வாங்குவதில்லை.